சிக்கிள் செல் உள்ள தம்பி, வருடத்தில் 38 நாள் வரவில்லை: எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கலாமா?

ஊட்டி கணக்கர் | 2024 ஜனவரி 8, இரவு 9.10

வணக்கம். ஊட்டியில் தேயிலை, சாக்லேட் விற்கும் கடை ஒன்றில் கணக்கும் வருகைப் பதிவேடும் பார்க்கிறேன். மொத்தம் 14 பேர். அதில் ஒரு தம்பி, வயது 24, கூடலூர் பக்கம். சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இருப்பதைச் சேரும்போதே என்னிடமும் முதலாளியிடமும் சொல்லிவிட்டான். போன வருடம் 38 நாள் வரவில்லை. சேர்ந்தாற்போல இல்லை, இரண்டு நாள், மூன்று நாளாக. எங்கள் கடையில் சம்பளத்தோடு நோய் விடுப்பு 12 நாள். மீதி 26 நாளுக்குப் பிடித்தம்.

முதலாளி எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கச் சொல்லிவிட்டார். அடித்து வைத்திருக்கிறேன், கொடுக்கக் கை வரவில்லை. ஆனால் அவன் வராத நாளில் அவன் வேலையையும் சேர்த்துப் பார்க்கும் இரண்டு பெண்கள் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

குன்னூர் வியாபாரி | ஜனவரி 8, இரவு 9.42

கடிதத்தைக் கொடுங்கள் சார். நான் ஆறு பேரை வைத்துக் கடை நடத்துகிறேன். ஒருவர் வராவிட்டால் ஆறில் ஒரு பங்கு வேலை நிற்கும். சீசனில் இரண்டு மாதம் ஓடுவதை வைத்துத்தான் மழைக்கால வாடகையைக் கட்டுகிறோம். அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவன் சொல்வது பொய் என்றும் சொல்லவில்லை. ஆனால் நோய் உண்மை என்பதால் வேலை தானாக நடந்துவிடாது. எழுத்தில் எதுவும் இல்லாமல் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, ஒரு நாள் திடீரென்று போகச் சொன்னால் அதுதான் அநியாயம். தொடர்ந்த உடல்நலக் குறைவால் ஒருவரை நிறுத்துவதை 1947 தொழில் தகராறு சட்டமே ஆட்குறைப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த நிலை சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது.

பந்தலூர் செவிலி | ஜனவரி 8, இரவு 11.05

கணக்கர் அண்ணா, கடிதம் கொடுக்கும் முன் ஒன்று பாருங்கள். அந்த 38 நாளும் எந்தெந்தத் தேதி? அதற்கு முந்தின நாள் அவனுக்கு என்ன வேலை?

ஏன் கேட்கிறேன் என்றால், இந்த நோய்க்கும் நம் மலைக்கும் பழைய தொடர்பு. இந்தியாவில் சிக்கிள் செல்லை முதலில் கண்டதே நீலகிரியின் பழங்குடி மக்களிடம், 1952இல். பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மரபணுக் கூறு வந்தால்தான் பெரும்பாலும் நோயாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலோர் நன்றாகவே இருப்பார்கள். நோய் உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள் போல வளைந்து விறைத்து, சின்ன ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். அதுதான் அந்த வலி. சாதாரணச் சிவப்பணு 120 நாள் வாழும், இவர்களுக்கு 10 முதல் 20 நாள்தான். அதனால் சோகையும் சோர்வும் எப்போதும் உண்டு.

வலியைக் கிளப்புவது பெரும்பாலும் குளிர், தண்ணீர் குடிக்காமல் இருப்பது, அளவுக்கு மீறிய உழைப்பு, காய்ச்சல், உயரம். கூடலூர் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே, ஊட்டி 2,240 மீட்டர். வெளியே காயம் இல்லை, கட்டு இல்லை. நேற்று சிரித்துப் பேசியவன் இன்று படுத்துக் கிடப்பான். பார்ப்பவர்களுக்கு நடிப்பு போலத் தெரியும். பதினாறு வருடமாகப் பார்க்கிறேன், அது நடிப்பு இல்லை.

குன்னூர் வியாபாரி | ஜனவரி 9, காலை 7.20

அக்கா, நடிப்பு என்று நான் சொல்லவே இல்லை. நாங்கள் மருத்துவர்கள் இல்லை என்பதுதான் என் பேச்சு. முந்தின நாள் என்ன வேலை என்று ஒவ்வொருவருக்கும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஒருவருக்கு இடுப்பு வலி, இன்னொருவருக்குச் சர்க்கரை. எல்லாருக்கும் இலகுவான வேலை கொடுத்தால் மூட்டையை யார் தூக்குவது?

சங்கத்துக்காரர் | ஜனவரி 9, காலை 8.15

வியாபாரி சொன்ன சட்டம் சரிதான், ஆனால் அது பாதிதான். ஆட்குறைப்பு இல்லை என்றால் அதற்கான இழப்பீடு இல்லை, அவ்வளவுதான். கடை ஊழியருக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இருக்கிறது. அதன் 41ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. அவர் மேல்முறையீடும் செய்யலாம்.

14 பேர் என்றால் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசு காப்பீடு, கட்டுகிறீர்களா? மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவருக்கு அது உண்டு. ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், நோய்க்காலத்தில் 70 சதவீதச் சம்பளம், வருடத்தில் 91 நாள் வரை. அந்தக் காலத்தில் அவரைத் தண்டிக்கவோ நீக்கவோ இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு தடை. ஆனால் இந்தத் தம்பிக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. முந்தின நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி விழுந்தால்தான் அந்த இரண்டு நாளுக்கும் பணம் கிடைக்கும். மூன்று நாள் படுத்தால் ஒரு நாளுக்குத்தான் பணம். விட்டு விட்டு வரும் நோய்க்காரருக்கு இந்தத் திட்டம் பொருந்தவே இல்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் சிக்கிள் செல் நோயும் ஒன்று. அதையும் முதலாளியிடம் சொல்லுங்கள்.

தேயிலைக்காரி | ஜனவரி 9, காலை 8.50

இ.எஸ்.ஐ. என்று எல்லாரும் எளிதாகச் சொல்கிறீர்கள். தேயிலை தயாரிக்கும் தொழிற்சாலையைப் பருவகாலத் தொழிற்சாலை என்று அந்தச் சட்டம் வெளியே வைத்திருக்கிறது. நீலகிரியில் பாதிப் பேர் பிழைப்பதே அதில்தான். எனக்கு மூட்டுவாதம். நான் போகாத நாள் வெறும் நாள்.

கூடலூர் தம்பி ஒருவன் | ஜனவரி 9, பகல் 1.30

நான் அவர் கடைத் தம்பி இல்லை, வேறு ஆள். எனக்கும் அதே நோய். முன்பு கேத்தி பக்கம் கேரட் கழுவும் இடத்தில் இருந்தேன். மேட்டுப்பாளையம் லோடு விடிவதற்குள் கிளம்ப வேண்டும், அதனால் நடுராத்திரியில் வேலை. டிசம்பரில் அந்தத் தண்ணீரில் நின்றால் மறுநாள் காலும் முதுகும் உடைந்துவிடும். நோயைச் சொன்னால் கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்று அம்மா யாரிடமும் சொல்ல விடவில்லை. சோம்பேறி என்று பெயர் வந்தது. நானே நின்றுவிட்டேன்.

இப்போது மசினகுடியில் ஒரு தங்கும் விடுதியில் பதிவு மேசை. வலி அடிக்கடி வராமல் இருக்கத் தினமும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. தண்ணீர் பாட்டில் மேசையிலேயே இருக்கும். போன வருடம் நான் எடுத்த விடுப்பு 9 நாள். உடம்பு அதே உடம்புதான் அண்ணா. காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், அதற்கு யாரும் தடை சொல்லக் கூடாது.

ஊட்டி கணக்கர் | ஜனவரி 10, இரவு 10.00

நேற்று ராத்திரி பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். செவிலி அக்கா கேட்டபடி தேதிகளைக் குறித்தேன். எங்களுக்குச் செவ்வாய், வெள்ளி விடியற்காலை ஐந்து மணிக்குச் சரக்கு வண்டி வரும். இறக்குவது இந்தத் தம்பியும் இன்னொருவரும். 38 நாளில் 27 நாள், வண்டி வந்த நாளுக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான். அதிலும் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி. இரண்டு வருடமாக இந்தப் பதிவேட்டை நான்தான் எழுதுகிறேன். வராத நாளைக் கூட்டிக் கூட்டி மொத்தம் போட்டேனே தவிர, ஒரு நாளும் இப்படிப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் மனது கேட்கவில்லை.

அவன் தண்ணீர் குடிப்பதும் குறைவு. கடையில் கழிப்பறை இல்லை, பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டும். அடிக்கடி போனால் பேச்சு வருமே என்று பயந்திருக்கிறான்.

குன்னூர் வியாபாரி | ஜனவரி 10, இரவு 10.35

27 என்பது பெரிய எண்ணிக்கை. அதை நான் மறுக்க மாட்டேன். என் கடையில் இப்படி ஒரு கணக்கு கிடைத்திருந்தால் நானும் யோசித்திருப்பேன். ஆனால் அந்த வண்டியை இனி யார் இறக்குவது? மற்றவருக்குக் கூடுதல் வேலை என்றால் கூடுதல் பணம் கொடுங்கள். அவர்கள் முதுகில் ஏற்றிவிட்டு நாம் நல்ல பெயர் வாங்கக் கூடாது.

பந்தலூர் செவிலி | ஜனவரி 10, இரவு 11.10

இதில் வியாபாரி அண்ணாவோடு முழுக்க ஒத்துப்போகிறேன். இன்னொன்று, மற்றவர்களிடம் நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது அவன் முடிவு. நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

ஊட்டி கணக்கர் | ஜனவரி 13, இரவு 8.45

முதலாளியிடம் பதிவேட்டைக் காட்டினேன். முதலில் எரிந்து விழுந்தார், அப்புறம் தேதிகளை அவரே விரல் வைத்து எண்ணினார். கடிதம் இப்போதைக்கு இல்லை. அதற்குப் பதில் முதலாளி, தம்பி, நான் என மூன்று பேரும் கையெழுத்திட்ட ஒரு தாள். தம்பி சரக்கு இறக்க வேண்டாம், பொட்டலம் கட்டும் மேசையும் பில் போடுவதும் அவனுக்கு. பிப்ரவரி முடியும் வரை காலை பத்து மணிக்கு வந்தால் போதும். உடம்பு முடியாவிட்டால் எட்டு மணிக்குள் எனக்குப் போன் செய்ய வேண்டும், மூன்றாம் நாள் மருத்துவச் சீட்டு வேண்டும். இறக்கும் வேலைக்கு வெளியாள் ஒருவர், ஒரு நடைக்கு 300 ரூபாய். அந்த இரண்டு பெண்களுக்கும் அவன் வராத நாளுக்குத் தனிப்படி. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டு அவர் கழிப்பறைக்கு ஒரு சாவியும் வாங்கிவிட்டேன்.

நோயைப் பற்றி என்ன சொல்லட்டும் என்று தம்பியிடம் கேட்டேன். "ரத்தத்தில் ஒரு குறை, மற்றவருக்கு ஒட்டாது, அவ்வளவு சொல்லுங்கள் அண்ணா" என்றான். அதைத்தான் சொன்னேன்.

குன்னூர் வியாபாரி | ஜனவரி 13, இரவு 9.20

சரி. ஏப்ரலில் வந்து எண்ணிக்கையை இங்கேயே எழுதுங்கள். குறையவில்லை என்றால் என் பேச்சையும் மறுபடி கேட்க வேண்டும்.

ஊட்டி கணக்கர் | ஜனவரி 13, இரவு 9.24

எழுதுகிறேன். இறக்கும் ஆளுக்கு ஆன செலவையும் சேர்த்தே எழுதுகிறேன்.