இறகுப் பெட்டியோடு விமானம் ஏறியவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

திருநகர்த் தூண்டில்காரர்:

மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் போலிப் பூச்சி செய்வதுதான் ஈ கட்டுவது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விமான நிலையத்தில்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு நியூசிலாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். மதுரையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஆக்லாந்து. மூன்று மாதம் சும்மா உட்கார என்னால் முடியாது. முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், நூல் சுருள் மாட்டும் பாபின், கத்தரி, முள் பெட்டி, இறகுகள் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். பெரிய பெட்டியை அப்பளமும் மிளகாய்ப்பொடியும் அடைத்துக்கொண்டதால் கருவிகள் கைப்பைக்கு வந்தன. புத்தி இல்லாமல் செய்த காரியம்.

மதுரை விமான நிலையம் இருக்கும் பெருங்குடியில் எக்ஸ்ரே திரையைப் பார்த்தவர் என் பையை ஓரமாக எடுத்து வைத்தார். வைஸைத் தூக்கிப் பிடித்து, "ஐயா பல் டாக்டரா?" என்றார். மீன் பிடிக்க ஈ கட்டுகிற கருவி என்றேன். "ஈயை எதற்கு ஐயா கட்ட வேண்டும்?" பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கைபேசியில் படத்தைக் காட்டினேன்: முள்ளின் மேல் நூல் சுற்றி, இறகைச் சிலிர்க்க விட்டு, தண்ணீரில் விழுந்த பூச்சி போலவே இருக்கும் ஒன்று. "இதையா மீன் நம்புகிறது?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கத்தரியையும் ஊசியையும் எடுத்து வைத்துவிட்டார். கீழவாசலில் போன வாரம்தான் சாணை பிடித்த கத்தரி. குறை சொல்ல முடியாது, கூர்மையான எதுவும் கைப்பையில் கூடாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். முள்ளும் வைஸும் இருந்த பையைத் திரும்ப எடுத்துப் போய், கூடுதல் பணம் கட்டிச் சரக்கில் போட்டேன்.

ஆக்லாந்தில் யாருக்கும் முள்ளைப் பற்றிக் கவலையே இல்லை. அவர்கள் கேட்டது இறகை. வருகைப் படிவத்தில் விலங்குப் பொருள்கள் உண்டா, பயன்படுத்திய மீன்பிடிச் சாமான் உண்டா என்ற இரண்டுக்கும் "ஆம்" என்று போட்டிருந்தேன். மறைத்தால் அங்கேயே 400 டாலர் அபராதம் என்று மகள் பத்து முறை சொல்லியிருந்தாள். 2004இல், ஈரச் சாமான்களில் ஒட்டிப் பரவும் டிடிமோ என்கிற பாசி அந்த நாட்டு ஆறுகளில் தென்பட்டதிலிருந்து அப்படி ஒரு பயம். ஈரம் எளிதில் காயாது என்பதால், கம்பளி அடி வைத்த மீன்பிடிக் காலணிகளை 2008இலேயே தடை செய்துவிட்டார்கள்.

ஓர் அம்மையார் வெள்ளை மேசையில் இறகுகளைப் பரப்பினார். கடையில் வாங்கிய சாயமேற்றிய பொட்டலங்களைக் குறை இல்லை என்று உடனே தள்ளி வைத்துவிட்டார். என் பெருமைக்குரிய பொருளில் கை நின்றது. நத்தத்தில் என் மைத்துனர் வளர்த்த கிளிமூக்குச் சேவலின் கழுத்துத் தோல். செந்தேன் நிறம், ஒவ்வோர் இறகும் ஊசி போல. கொழுப்பைச் சுரண்டி, வெண்காரம் தடவி, அட்டையில் குத்தி நிழலில் காயவைத்தது நானேதான். அம்மையார் விளக்கைச் சாய்த்து, இடுக்கியால் தோலின் ஓரத்தை விலக்கினார். மஞ்சளாக ஒரு துளி கொழுப்பு. அதன் அருகே கடுகளவில், புழு உரித்துப் போட்ட சட்டை. இரண்டாவது முறை பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. முத்திரையிட்ட பையில் போட்டு எடுத்துப் போய்விட்டார். அபராதம் இல்லை, படிவத்தில் சொல்லியிருந்தேன் அல்லவா.

மேலூரான்:

ஐயா, நான் ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு முறை ஊருக்கு வந்து திரும்பும்போதும் அம்மா ஒரு கட்டு மயிலிறகைப் பெட்டியில் செருகி வைப்பார். ராயல் கோச்மன் என்கிற ஈயைக் கட்ட மயில் இழை வேண்டும் என்று என்றோ ஒருநாள் நான் உளறியதன் பலன். எங்கள் வயலில் மயில் உதிர்க்கும் இறகை ஊருக்குள் வைத்திருக்கலாம், விற்கலாம். நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. "நம் கடலையைத் தின்ற மயில் போட்ட இறகு நம்முடையது இல்லையா?" என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. எடுத்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.

இன்னொன்று. சிறுமலைப் பக்கம் காட்டுச்சேவல் கழுத்து கிடைக்கும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். தொட்டுவிடாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டம் காக்கிற பறவை அது. மெழுகு சொட்டியது போல அந்த இறகில் இருக்கும் பொட்டுக்குத்தான் சால்மன் மீனுக்கு ஈ கட்டுகிறவர்கள் உயிரை விடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் மலைப் பறவையைப் பிரிட்டனில் கூண்டில் வளர்த்துச் சட்டப்படி விற்கிறார்கள். நான் அங்கேதான், சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து, வாங்குகிறேன். 2009இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் 299 பறவைத் தோல்களைத் திருடியது புல்லாங்குழல் படித்த மாணவன், ஈ கட்டுகிறவன். இந்தப் பைத்தியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்காகச் சொன்னேன்.

சோலைக்குருவி, கொடைக்கானல்:

கட்டுவது என் கணவர், பெட்டி அடுக்குவது நான். ஈயின் தலையில் பூசும் வார்னிஷும் அதைக் கரைக்கும் தின்னரும் தீப்பிடிப்பவை. எந்தப் பையிலும் போடாதீர்கள். நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சின்னக் குப்பி என் ஒப்பனைப் பையில் போகிறது, வேலை அதே வேலை. பசையை உலர்த்தும் விளக்கின் உதிரி லித்தியம் பேட்டரி மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். முட்களைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஒட்டி, சரக்குப் பெட்டியில் வையுங்கள். திறந்து சோதிப்பவரின் விரலும் விரல்தானே.

திருநகர்த் தூண்டில்காரர்:

மேலூர்த் தம்பி, மயிலிறகை நானும் வீட்டில்தான் விட்டுப் போனேன். ஆக்லாந்தில் யாரும் ஏறிட்டும் பார்க்காத பொருள் ஒன்று உண்டு: புது மண்டபத்துத் தையற்கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுவதற்கு முன் அங்கே வாங்கிய ஜரிகையும் சிவப்புப் பட்டு நூலும். மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைஸைப் பொருத்தி, இறகே இல்லாமல் ஆறு ஈ கட்டினேன். டோங்காரிரோ ஆற்றில் நான்கைப் பாறைகள் பிடுங்கிக்கொண்டன. ஐந்தாவதை ஒரு வானவில் டிரவுட் கவ்வியது, முழங்கை நீளம். பேரன் அழுததால் திரும்ப விட்டுவிட்டேன்.

மைத்துனரிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. சேவல் வெளிநாடு போய்விட்டது என்று நத்தம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.