க்னூகேஷில் இன்வாய்ஸ் சிஎஸ்வி ஏற்றினால் பாதி பில் காணோம், தேதியும் மாறுகிறது

கோத்தகிரி_பேரேடு கேட்டது:

வணக்கம். கோத்தகிரியில் தேயிலைத் தூளும் ஹோம்மேட் சாக்லேட்டும் மொத்த விற்பனை செய்யும் கடையின் கணக்கு இது. பில் போடுவது வேறொரு மென்பொருளில். அதிலிருந்து சிஎஸ்வி (பிரிப்பான் குறி வைத்த எளிய எழுத்துக் கோப்பு) எடுத்து, எக்செலில் திறந்து நெடுவரிசைகளை ஒழுங்குபடுத்தி, க்னூகேஷ் என்ற இலவசக் கணக்கு மென்பொருளில் ஃபைல் > இம்போர்ட் > இம்போர்ட் பில்ஸ் அண்ட் இன்வாய்ஸஸ் வழியாக ஏற்றினேன். 214 பில்லில் 130 சொச்சம்தான் வந்தன. ஏப்ரல் 5 பில் மே 4 ஆகிவிட்டது. தமிழில் இருந்த சரக்குப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறி. ஜிஎஸ்டி வரியும் எதிலும் ஏறவில்லை. எங்கே தவறு? 2025 ஏப்ரல்-செப்டம்பர் அரையாண்டுக் கணக்கு முழுதும் இப்படித்தான் ஏற்ற வேண்டும்.

குன்னூர்_தராசு:

நீங்கள் சொன்ன நான்கில் மூன்று கோளாறு எக்செலில் நுழைந்தவை. முதலில் ஒரு பாதுகாப்பு: உங்கள் கணக்குக் கோப்பு எக்ஸ்எம்எல் வடிவில் இருந்தால், ஏற்றிப் பார்த்துவிட்டு சேமிக்காமல் மூடிவிடலாம், எதுவும் நடக்காதது போல ஆகிவிடும். எஸ்க்யூலைட் (தரவுத்தளம்) வடிவில் அது முடியாது. ஏற்றியது அந்த நொடியே பதிவாகிவிடும். எனவே நகல் எடுத்து, எக்ஸ்எம்எல்லாக சேவ் ஆஸ் செய்து, அதில் பத்து பில்லை மட்டும் ஏற்றிப் பழகுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போகும் ஊர் நம்முடையது, யூபிஎஸ் இல்லாமல் பெரிய கோப்பை ஏற்ற வேண்டாம்.

காணாமல் போன பில்கள்: மூன்றாவது நெடுவரிசையில் வாடிக்கையாளரின் பெயரைப் போடக்கூடாது, க்னூகேஷ் கொடுத்த எண்ணைப் போட வேண்டும். 000017 என்பதை எக்செல் 17 ஆக்கிவிடும். அப்படி ஒரு வாடிக்கையாளர் இல்லை என்று அந்தப் பில் தள்ளப்படும். வாடிக்கையாளர்களை முன்கூட்டியே ஏற்றியிருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். அதற்கும் அதே இம்போர்ட் மெனுவில் தனி வழி இருக்கிறது.

இன்னொரு காரணம், கோப்பின் ஒவ்வொரு வரிசையிலும் 22 புலங்கள் (நெடுவரிசைகள்) சரியாக இருக்க வேண்டும். கடைசிப் புலங்கள் காலியானாலும் பிரிப்பான் குறி இருக்கத்தான் வேண்டும், மொத்தம் 21. "டஸ்ட், 500 கிராம்" என்று விவரத்தில் ஒரு காற்புள்ளி வந்தாலும், விலையில் 1,25,000 என்று வந்தாலும் புலங்கள் ஒன்று தள்ளிப்போய்விடும். அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்து, விலையில் காற்புள்ளியும் ரூபாய்க் குறியும் எடுத்துவிடுங்கள். ஏற்றும் பெட்டியில் கீழே முன்னோட்டம் வரும். அங்கே தெரியாத வரிசை உள்ளே வராது. ஓகே அழுத்தும் முன் அதைப் பாருங்கள்.

தேதி: எடிட் > ப்ரிஃபரன்சஸ் > டேட்/டைம் பகுதியில் என்ன வடிவம் இருக்கிறதோ அதே வடிவில் சிஎஸ்வியில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றில் மட்டும் அமெரிக்க வடிவம் (மாதம் முதலில்) இருந்தால், நாள் 12 வரை உள்ளவை சத்தமில்லாமல் மாதத்தோடு இடம் மாறிப்போகும். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் மொத்தத் தொகை சரியாகவே இருக்கும், மாதம்தான் தப்பாக இருக்கும்.

தமிழ் எழுத்து: எக்செலை விட்டுவிட்டு லிப்ரே ஆஃபீஸ் கால்கில் திறங்கள். திறக்கும்போதே யுடிஎஃப்-8 (தமிழ் எழுத்தைக் காக்கும் குறியாக்கம்) தேர்ந்து, வாடிக்கையாளர் எண், இன்வாய்ஸ் எண் நெடுவரிசைகளை "டெக்ஸ்ட்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். சேமிக்கும்போதும் யுடிஎஃப்-8. எக்செலில் சேமித்துக் கேள்விக்குறியாகிவிட்ட பெயர் திரும்ப வராது, மூலக் கோப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கூடலூர்_எல்லை:

வரி ஏறாததற்குப் பதில். 15-ஆவது புலத்தில் "யெஸ்" என்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், 17-ஆவதில் வரி அட்டவணையின் பெயர் எழுத்துப் பிசகாமல். அந்த அட்டவணையை பிசினஸ் > சேல்ஸ் டேக்ஸ் டேபிளில் முன்பே செய்து வைக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் தேயிலைத் தூளுக்கு ஒரே அட்டவணையில் இரண்டு பதிவு: சிஜிஎஸ்டி (மத்திய அரசுக்கு) 2.5 சதவீதம், எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசுக்கு) 2.5 சதவீதம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. கேரளத்தின் நிலம்பூருக்கோ கர்நாடகத்தின் குண்டல்பேட்டைக்கோ சரக்கு அனுப்பினால் அது வெளிமாநிலம். ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கு) 5 என்று வேறு அட்டவணை. இங்கே மலையின் இரண்டு பக்கமும் வேறு மாநிலம் என்பதால் இதைக் குழப்பாமல் இருப்பது ரொம்ப முக்கியம்.

சாக்லேட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அதன் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. உங்கள் அரையாண்டு அந்தத் தேதியைத் தாண்டுகிறது. பழைய அட்டவணையின் விகிதத்தைத் திருத்தாதீர்கள். போஸ்ட் ஆன (பேரேட்டில் பதிவான) பில்லுக்கு க்னூகேஷ் பழைய விகிதத்தை உறைய வைத்துவிடும், ஆனால் போஸ்ட் ஆகாமல் கிடக்கும் பழைய பில் எல்லாம் புது விகிதத்துக்கு மாறிவிடும். "சாக்லேட் 18", "சாக்லேட் 5" என்று இரண்டு அட்டவணை வைத்துக்கொண்டு, சிஎஸ்வியில் தேதி பார்த்துப் பிரியுங்கள்.

18-ஆவது புலம் போஸ்ட் தேதி. முதல் முறை அதைக் காலியாக விடுங்கள். பில்கள் வரைவாக நிற்கும், சரிபார்த்துத் திருத்தலாம். போஸ்ட் ஆகிவிட்டால் ஒவ்வொன்றாக அன்போஸ்ட் செய்ய வேண்டும். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு, சேமிக்காமல் மூடிவிட்டு, அந்தப் புலத்தையும் 20-ஆவதில் வரவேண்டிய கணக்கின் (வாடிக்கையாளர் பாக்கி) முழுப் பாதையையும் நிரப்பி மறுபடி ஏற்றுங்கள். "சொத்து:வரவேண்டியவை" என்று மேல்கணக்கிலிருந்து முக்காற்புள்ளி வைத்து எழுத வேண்டும். பெயரின் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டாலும் கண்டுபிடிக்காது.

கோத்தகிரி_பேரேடு:

இருவருக்கும் நன்றி. வாடிக்கையாளர் எண்ணைச் சரிசெய்ததும் 214-உம் வந்தன, தேதியும் சரி. ஆனால் சோதனைக்கு ஏற்றியதை மூடாமல் மறுபடி ஏற்றியதில் சில பில்லில் ஒரே சரக்கு இரண்டு முறை இருக்கிறது. ரவுண்ட் ஆஃப் 40 காசு, 20 காசும் ஒத்துப்போகவில்லை. ஏற்றி முடித்ததும் எல்லா பில்லும் தனித்தனி டேபாகத் திறந்து கணினி திணறுகிறது.

குன்னூர்_தராசு:

அதே எண்ணில் வரைவு பில் ஏற்கெனவே இருந்தால் புதிய வரிசைகள் அதில் சேர்ந்துவிடும். எச்சரிக்கைப் பெட்டி வந்திருக்கும், அதில் ஆம் கொடுத்திருப்பீர்கள். நகலைத் தூக்கிப்போட்டு, சுத்தமான கோப்பில் ஒரே முறை ஏற்றுங்கள்.

ரவுண்ட் ஆஃபுக்கு அந்தப் பில்லின் எண்ணிலேயே ஒரு கூடுதல் வரிசை: அளவு 1, விலை -0.40, வரி இல்லை, கணக்கு "ரவுண்ட் ஆஃப்". டேப் தொல்லைக்கு, ஏற்றும் பெட்டியில் ஆவணங்களைத் திறக்கவா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று தேர்ந்துவிடுங்கள்.

கவுண்டரில் சுற்றுலாப் பயணிகளுக்குப் போடும் ரொக்க பில்லை இந்த வழியில் ஏற்ற வேண்டாம். நாளுக்கு ஒரே பதிவு, வரி விகிதவாரியாகக் கூட்டிப் போட்டால் போதும். இல்லையென்றால் சீசன் மாதத்தில் யாரிடமும் பாக்கி இல்லாத ஆயிரம் இன்வாய்ஸ் வரவேண்டிய கணக்கில் வந்து குவியும். ஏற்றி முடித்ததும் வரவேண்டிய கணக்கின் மொத்தத்தையும் ஒவ்வொரு வரிக் கணக்கின் மொத்தத்தையும் பில்லிங் மென்பொருளின் மாதவாரி அறிக்கையோடு, ஒவ்வொரு மாதமாக ஒப்பிடுங்கள். ஆறு மாதத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஏப்ரல்-மே இடமாற்றம் கண்ணில் படாது.