ஹோம்ஸும் வாட்சனும் காதலர்களா?

நிலவன்:
துப்பறியும் கதைகளின் நாயகன் ஷெர்லாக் ஹோம்ஸும் அவருடைய நண்பர் டாக்டர் வாட்சனும் காதலர்களே என்று சிலர் அடித்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1890இல் வந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலின் முடிவில் மேரி மார்ஸ்டனுக்கும் வாட்சனுக்கும் திருமணம் நிச்சயமாகிறது. அடுத்த ஆண்டு வந்த சிறுகதையிலோ, ஹோம்ஸ் பெரிதும் மதித்த பெண்ணான ஐரீன் அட்லர்மீதுகூட அவருக்குக் காதல் இல்லை, அந்த உணர்ச்சியே அவருக்கு ஒவ்வாதது என்று கதைசொல்லியான வாட்சன் வாயிலாகவே ஆசிரியர் கானன் டாயில் சொல்லிவிடுகிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மரகதம்:
நிலவன் அவர்களே, 1924இல் வெளிவந்த ‘தி த்ரீ காரிடெப்ஸ்’ கதையையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள். குற்றவாளி சுட்ட குண்டு வாட்சனின் தொடையை உரசிச் சென்றதும், ஹோம்ஸ் அவரை இரு கைகளாலும் தாங்கி நாற்காலியில் அமர்த்தி, பேனாக்கத்தியால் கால்சட்டையைக் கிழித்துக் காயத்தைப் பார்க்கிறார். கண்கள் மங்குகின்றன, உதடுகள் நடுங்குகின்றன. அந்த அன்பை அறிந்துகொள்ள எத்தனை காயமும் படலாம் என்று எழுதுகிறார் வாட்சன். ஆண்களுக்கிடையிலான உறவை 1885ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருந்த, அதன்கீழ் 1895இல் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு சிறை சென்ற இங்கிலாந்தில், இதைவிட வெளிப்படையாக எப்படி எழுத முடியும்? நீங்கள் காட்டும் அந்த நாவலே, 1889இல் டாயிலும் வைல்டும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ட விருந்தில் எழுதித்தர ஒப்புக்கொள்ளப்பட்டதுதான்.

நிலவன்:
சட்டத்துக்கு அஞ்சி மறைத்தார் என்று வைத்துக்கொண்டால், கதையில் இல்லாத எதையும் இருப்பதாக நிறுவிவிடலாம். மறுக்க வழியே இராது. உயிரைக் கொடுக்கும் நட்பு இரண்டு ஆண்களுக்குள் இருந்தாலே அதைக் காதல் என்று படிப்பது, நட்புக்குரிய இடத்தைப் பறிப்பதாகவே எனக்குப் படுகிறது.

செம்பருத்தி:
1910இல் வந்த ‘தி டெவில்ஸ் ஃபுட்’ கதையில், தாம் ஒருபோதும் காதலித்ததில்லை என்று ஹோம்ஸே சொல்கிறார். பாலீர்ப்பே இல்லாத மனிதர்கள் உண்டு. அவரை அப்படியே ஏற்க இரு தரப்புமே ஏன் தயங்குகிறீர்கள்?

மரகதம்:
அதே பேச்சில், தாம் காதலித்தவள் அப்படிக் கொல்லப்பட்டிருந்தால் தாமும் பழிவாங்கியிருக்கக்கூடும் என்று சொல்லித்தானே, காதலியைக் கொன்றவனைப் பழிவாங்கிய கொலைகாரரைப் போகவிடுகிறார்? காரிடெப்ஸ் கதையில், வாட்சன் இறந்திருந்தால் நீ இந்த அறையைவிட்டு உயிரோடு போயிருக்க மாட்டாய் என்று குற்றவாளியிடம் சொல்பவரும் அவரேதான்.

நிலவன்:
பொருத்தம் வலுவானது, மறுக்கவில்லை. ஆனால் ‘டெவில்ஸ் ஃபுட்’ கதையில் ஹோம்ஸ் கற்பனை செய்தது ஒரு பெண்ணை; அதை விட்டுவிட்டுப் படிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.