மாட்டடோரிடம் மறுபடியும்: 'நாக்டர்ன்' அனுபவங்கள்

இரவுப்பறவை:
டீமன்களைக் கூட்டாளிகளாக்கிச் சண்டை போடும் 'ஷின் மெகாமி டென்செய் 3: நாக்டர்ன்' கேமைப் பிளேஸ்டேஷன் 2 காலத்தில் பாதியில் விட்டவன் நான். பாதி என்பதே மிகைதான், மாட்டடோர் என்ற பாஸ் எதிரியைத் தாண்டவில்லை. சிவப்புத் துணியோடு வரும் அந்த எலும்புக்கூட்டிடம் எத்தனை தடவை செத்தேன் என்று எண்ணுவதையே நிறுத்திவிட்டேன். போன மாதம்தான் ஹெச்டி ரீமாஸ்டர் என்ற புதுப்பித்த பதிப்பில் திரும்பப் போனேன். 'மெர்சிஃபுல்' என்று சுலபமான நிலை ஒன்று உண்டு. பழைய ரோஷம், நார்மலிலேயே தொடங்கினேன்.

ஆரம்பக் காட்சி இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. ஆசிரியையைப் பார்க்க மருத்துவமனைக்கு வந்த பையன் மாடியில் நின்று உலகம் முடிவதைப் பார்க்கிறான். டோக்கியோ ஓர் உருண்டையின் உட்பக்கமாகச் சுருண்டுவிடுகிறது. தலைக்கு மேலேயும் நிலம், நடுவில் ககுட்சுச்சி என்ற ஒளிக்கோளத்தின் வெளிச்சம். அழுது புலம்பக்கூட ஊரில் ஆள் இல்லை.

இரண்டாம் நாளே அடி விழுந்தது. டெர்மினலில் சேவ் செய்யாமல் ஒன்றரை மணி நேரம் சுற்றியிருந்தேன். முதுகுப் பக்கமாக வந்த கூட்டம் ஒன்று 'முடோ' என்ற உடனடி மரண மந்திரத்தைப் போட்டது. நாயகன் காலி. கூட நின்ற மூன்று டீமன்களுக்கும் ஒரு கீறல் இல்லை, ஆனாலும் கேம் ஓவர்! கண்ட்ரோலரை மெதுவாகத்தான் கீழே வைத்தேன், வயதாகிவிட்டது அல்லவா.

சரி, மாட்டடோர். இந்த கேமில் நம் முறைக்கு இத்தனை ஐகான், அதாவது இத்தனை செயல், என்று கணக்கு. எதிரியின் பலவீனத்தில் அடித்தால் பாதி ஐகான்தான் செலவு. அடி தவறினால் இரண்டு போய்விடும். அவன் முதலில் 'ரெட் கபோட்டே' போட்டுத் தன் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்கிறான். அப்புறம் நாம் வீசுவதெல்லாம் காற்றில் போகும், நம் முறையும் அதோடு போகும். அந்தக் காலத்தில் இதற்கு நான் கண்ட மருந்து, லெவல் ஏற்றிக்கொண்டு இன்னும் பலமாக அடிப்பது. படாத அடி எவ்வளவு பலமாக இருந்து என்ன?

இந்த முறை 'ஹிஃபுமி' மகதாமாவை (நாயகனுக்குச் சக்தி தரும் ஒட்டுண்ணி) விழுங்கிக்கொண்டு போனேன். காற்றுத் தாக்குதல் மேலே படாது. அவன் 'மாசான்' என்ற காற்று மந்திரம் போட, அது என்மேல் வீணாகி, அவனுடைய ஐகான்கள் இரண்டு பறந்தன. அதே விதி அவனுக்கும் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு 'ஃபாக் ப்ரெத்'தை மாற்றி மாற்றி ஊதி அவன் வேகத்தை இறக்கினேன். இரண்டாவது முயற்சியிலேயே விழுந்தான். முதல் முயற்சியில் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

கதீட்ரல்வாசி:
எனக்கு மாட்டடோர் பெரிய விஷயமாகத் தெரியவில்லை ஜி. என் ஆயுள் கழிந்தது டீமன்களை இணைத்துப் புதிய டீமனை உருவாக்கும் இடத்தில்தான். பழைய பதிப்பில் எந்தத் திறமை அடுத்த டீமனுக்குப் போகும் என்பது குருட்டாம்போக்கு. வேண்டியது வரவில்லையா, பின்னால் போய் மறுபடி தேர்ந்தெடு. திரும்ப வரவில்லையா, மறுபடி. ஒரே ஒரு டீமனுக்காக அரை மணி நேரம் இரண்டே பட்டன்களை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். ரீமாஸ்டரில் நாமே திறமைகளைத் தேர்ந்தெடுக்கலாம். நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரங்டாவையும் பரோங்கையும் இணைத்துச் சிவனை எடுத்தபோது, அன்றைக்கு வந்த அந்தக் கைநடுக்கம் வரவில்லை.

மூன்றாம் சுற்று:
மாட்டடோரைத் தாண்டியதற்கு வாழ்த்துகள் இரவுப்பறவை. இன்னும் பல எலும்புக்கூடுகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன, அவசரம் வேண்டாம். ஒன்று கேட்க வேண்டும். மருத்துவமனையில் முதலில் சேர்ந்த பிக்ஸி என்ற டீமனை வைத்திருக்கிறீர்களா? அவளையோ, அவளை இணைத்து உருவான டீமனையோ அமாலா லேபிரிந்த் என்ற பாதாளப் புதிர்வழியின் ஐந்தாம் கல்பா (ஐந்தாம் தளம்) வரை கூட்டிப்போனால், லெவல் 80 பிக்ஸியாக மாறி நிற்பாள். முதல் இரண்டு சுற்றிலும் எனக்கு இது தெரியாது. மூன்றாவதில் அங்கிருந்த கதவு திறந்தபோது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

இரவுப்பறவை:
ஐயோ. யோயோகி பூங்கா வாசலில், 'இங்கே பிரிந்துவிடலாமா?' என்று அவளாகவே கேட்டாள். போய் வா என்று அனுப்பிவிட்டேனே! பழைய சேவ் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.