மலை உச்சியில் எல்லைப் படல உயரம்: எந்தத் தரையிலிருந்து அளப்பது?

நண்பர்களே, சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் ஆய்வு நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,580 மீட்டரில் இருக்கிறது. கோடைப் பிற்பகல்களில் பள்ளத்தாக்கின் மாசு சரிவுக் காற்றோடு அங்கே ஏறிவிடும். இரவில் பெரும்பாலும் தூய மேல்காற்றுதான். இரண்டையும் பிரித்தறிய, காற்று எங்கிருந்து வந்தது என்று கணக்கிடும் ஹைஸ்பிளிட் மாதிரி தன் பின்னோக்கிப் பாதைகளோடு தரும் கலப்பு உயரத்தை, அதாவது தரையை ஒட்டிக் காற்று கலக்கும் எல்லைப் படலத்தின் உயரத்தை, எடுத்தேன். அங்கேதான் சிக்கல். அதற்கு ஊட்டும் 1 பாகை ஜிடாஸ் வானிலைத் தரவில் ஒரு கட்டம் வடக்கு தெற்காகச் சுமார் 111 கிலோமீட்டர்; ஆல்ப்ஸையே இஸ்திரி போட்டதுபோல் ஆகிவிடுகிறது! மாதிரியின் தரை உண்மை மலைக்கு வெகு கீழே கிடக்கிறது. கலப்பு உயரமோ அந்தப் பொய்த் தரையிலிருந்து அளக்கப்படுகிறது.

மாதிரித் தரையின் உயரத்தைக் கூட்டி, கடல் மட்டக் கணக்காக்கி ஒப்பிடுவது சரியா? பாதையை எந்த உயரத்தில் தொடங்குகிறீர்கள்? இன்னும் நுணுக்கமான 0.25 பாகை ஈரா5 வானிலைத் தரவுக்கு மாறியவர்களுக்குப் பலன் இருந்ததா? ரிச்சர்ட்சன் எண் (காற்று கொந்தளிக்குமா, அடுக்காக நிற்குமா என்று காட்டும் எண்) வழியில் இந்த உயரத்தைக் கணக்கிட்டவர்கள் அமைப்புக் கோப்பை மட்டும் காட்டினால் போதும்; மிச்சத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்.