"விழுந்துட்டேன்"னு எழுதிட்டாங்க

மகளிர் குழு ஊக்குநர்:

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுப் பெண். ஒரு சனிக்கிழமை குழுக் கூட்டத்துக்குச் சேமிப்புப் பணத்தோடு வந்தாள். இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். பிடிக்க ஆளில்லாமல் நோட்டு நகர்ந்துகொண்டே இருந்தது. நான் அதை அழுத்திப் பிடித்தபோதுதான் மணிக்கட்டு வீங்கியிருப்பதைப் பார்த்தேன்.

அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மாமியாரும் கூடவே வந்துவிட்டார். டாக்டர் கேட்டதற்கு "படியில விழுந்துட்டேன்" என்றாள். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது வேறென்ன சொல்வாள்? காயத்தை ஆஸ்பத்திரியில் பதிவு செய்யும் ஏ.ஆர். காப்பியில் அப்படியே ஏறிவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஸ்டேஷனுக்குப் போனோம். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "நீயேதானம்மா விழுந்தேன்னு சொல்லியிருக்க" என்றார்கள். கணவனைக் கூப்பிட்டு, இனிமேல் அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு இருவரையும் அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி, எழுதிக் கொடுக்க வைத்ததற்கும் சேர்த்து அடித்தான்.

அப்புறம்தான் பெண்கள் உதவி எண் 181-க்கு போன் செய்தேன். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ மாவட்டத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அனுப்பினார்கள். சமூக நல அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு அலுவலர் வந்து, வீட்டில் நடந்த வன்முறையைப் பதிவு செய்யும் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுத உட்கார்ந்தார். முதல் அடி எப்போது என்று கேட்டபோது அவளுக்குத் தேதி வரவில்லை. வயிற்றில் குழந்தை இருந்த சமயம் என்று மட்டும் சொன்னாள். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டோம். ஐந்தாம் மாத செக்கப்பில் முதுகில் தழும்பு பார்த்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அங்கன்வாடி டீச்சரோ, அப்பா வந்தால் பையன் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான் என்றார்.

ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. மூன்று வருடமாக நாங்கள் ஒருவரோடு ஒருவர் இதைப் பேசவே இல்லை. வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று சும்மா இருந்தவர்களில் நானும் ஒருத்தி. குடும்ப வன்முறை நடப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கூடப் பாதுகாப்பு அலுவலருக்குச் சொல்லலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது என்று 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்திலேயே இருக்கிறதாம். எனக்கு அன்றுதான் தெரியும்.

சட்ட உதவித் தன்னார்வலர்:

அக்கா, ஒரு தாளால் வேலை கெட்டுப்போவதை நீங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்தீர்கள், நான் கோர்ட்டுக்கு அப்புறமும் பார்த்தேன். சட்டப்படி, மனு கொடுத்தால் முதல் வாய்தா மூன்று நாளில், அதிலிருந்து 60 நாளில் முடிவு என்று எழுதியிருக்கிறது. நடப்பில் இழுக்கும். அதனால் மனுவோடு இடைக்கால உத்தரவும் கேட்கச் சொல்வேன். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். குடியிருக்கும் வீடு மாமனார் பேரில் இருந்தாலும், மருமகளைச் சட்டப்படி அல்லாமல் இஷ்டத்துக்கு வெளியே தள்ள முடியாது.

நான் கூடப் போன ஒரு பெண்ணுக்கு, கணவன் வன்முறை செய்யக் கூடாது என்று கோர்ட்டின் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. பத்து நாளில் அவன் கதவை உடைக்க வந்தான். அந்த உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். ஆனால் ஸ்டேஷனில் "எங்களுக்கு ஆர்டரே வரலையே" என்றார்கள். கோர்ட்டே இலவசமாக நகல் அனுப்பியிருக்க வேண்டும். எங்கே நின்றதோ தெரியவில்லை. இப்போதெல்லாம் உத்தரவு வந்த அன்றைக்கே நானும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் போய் ஸ்டேஷனில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் கேட்கிறேன். முதல் தடவை முறைத்தார்கள். இப்போது எழுத்தரே "இன்னொரு காப்பி இருக்கா?" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

மகளிர் குழு ஊக்குநர்:

அந்த ஜெராக்ஸ் யோசனையை நாங்களும் செய்கிறோம் தம்பி. ஆஸ்பத்திரியிலும் ஒரு வழி கண்டுபிடித்தோம். கூட வந்த வீட்டு ஆட்களைச் சீட்டு வாங்க, டீ வாங்க என்று கொஞ்சம் வெளியே அனுப்பச் செவிலியரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அந்த ஐந்து நிமிஷத்தில் பெண்கள் வாய் திறக்கிறார்கள்.

எங்கள் தெருப் பெண்ணின் வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூட ஒருவர் போகிறோம். போன தடவை நான் போனேன், அடுத்த தடவை அங்கன்வாடி டீச்சர் முறை. பையனை அன்றைக்கு நான் பார்த்துக்கொள்வேன்.