டி.டி.பி. கடையை ஓப்பன் சோர்ஸுக்கு மாற்ற: பாமினி கோப்புகள், பிரிண்டர், எங்கிருந்து ஆரம்பிப்பது?

அச்சுமை:
வணக்கம். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், மனு அடித்துத் தரும் சின்ன டி.டி.பி. கடை. மூன்று கம்ப்யூட்டர், மூன்றிலும் விண்டோஸ் 10, 4 ஜிபி ராம். விண்டோஸ் 11 ஏறாது. எம்.எஸ். ஆபீஸ், பேஜ்மேக்கர் எதற்கும் லைசென்ஸ் இல்லை. பழைய வேலை முழுக்க பாமினி எழுத்துருவில். பிரிண்டர் கேனன் எல்பிபி 2900. இலவச மென்பொருளை வைத்தே கடையை ஓட்ட முடியுமா? விண்டோஸை எடுத்துவிட்டு நேரே லினக்ஸ் போட்டுவிடலாமா?

மூலநிரல்:
இலவசம் வேறு, ஓப்பன் சோர்ஸ் வேறு. அடோபி ரீடர் இலவசம்தான், ஆனால் அதன் மூலநிரல், அதாவது புரோகிராமர்கள் எழுதிய நிரல், கிடைக்காது. எம்.எஸ். ஆபீஸுக்கு மாற்றான லிப்ரே ஆபீஸின் மூலநிரலை யாரும் எடுத்துத் திருத்தலாம், பத்து கடைக்குப் பிரதி போட்டுக் கொடுக்கலாம், அதை வைத்துச் சம்பாதிக்கலாம், உரிமமே அனுமதிக்கிறது. 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து ஒரு குழு பிரிந்து வந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்க முடிந்ததும் இப்படிப்பட்ட உரிமத்தால்தான். நோட்டோ தமிழ் எழுத்துருக்களும் அப்படியே: அச்சிட்டு விற்கலாம், பிடிஎஃபுக்குள் பொதிக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டாம்.

லினக்ஸைக் கடைசியில் வையுங்கள். முதலில் இருக்கிற விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸ், படம் வரைய இங்க்ஸ்கேப், பக்கம் வடிவமைக்க ஸ்கிரைபஸ் மூன்றையும் போட்டு ஒரு மாதம் வேலை பாருங்கள். கை பழகாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், முகூர்த்த சீசனில் திரும்பவும் பழையதற்கே ஓடுவீர்கள். ஸ்கிரைபஸ் 1.6 அல்லது அதற்கு மேல்தான் வேண்டும். 1.4-ல் தமிழ் சரியாகச் சேராது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

கொம்புக்கால்:
பாமினி பற்றி. கோப்புக்குள் தமிழே இல்லை, இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எம் விசை ‘அ’வாகவும், கமா ‘இ’யாகவும், அரைப்புள்ளி மெய்யின் புள்ளியாகவும் தெரிவது எழுத்துருவின் வேலை. அதனால் பாமினி டிடிஎஃப் கோப்பை லினக்ஸில் நிறுவினாலே பழைய வேர்டு கோப்புகள் தமிழாகத் தெரியும். எல்லாவற்றையும் யூனிகோடாக்க, அதாவது தமிழைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் பொதுமுறைக்கு மாற்ற, மெனக்கெட வேண்டாம். திரும்பத் திரும்ப எடுக்கும் மாதிரிகளை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றும்போது பக்கம் முழுவதையும் கன்வெர்ட்டரில் ஒட்டினால், நடுவில் இருக்கும் ஆங்கில விலாசமும் மின்னஞ்சலும் தமிழ்க் குப்பையாகிவிடும். வெறும் உரையாக ஒட்டும்போது எது எந்த எழுத்துரு என்ற தகவல் போய்விடுகிறதே. லிப்ரே ஆபீஸின் ‘தேடு, மாற்று’ பெட்டியில் தேடும் இடத்தைக் காலியாக விட்டு, ஃபார்மேட்டில் பாமினியைக் கொடுத்து எல்லாவற்றையும் தேடச் சொன்னால், பாமினிப் பகுதிகள் மட்டும் தேர்வாகும். எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று அப்போதே தெரிந்துவிடும். கோப்புகள் நிறைய என்றால் பைதான் நிரல்மொழிக்கான ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுப்பில் பாமினி மாற்றி இருக்கிறது, அதுவும் ஓப்பன் சோர்ஸ்.

பேஜ்மேக்கர் கோப்புகளை லிப்ரே ஆபீஸில் உள்ள டிரா திறக்கும், ஆனால் வடிவமைப்பு கலையும். பேஜ்மேக்கர் ஓடும்போதே பிடிஎஃபாக எடுத்து வைத்துவிடுங்கள்.

பென்டிரைவ்:
சிக்கல் உங்கள் பிரிண்டர்தான். எல்பிபி 2900 கேப்ட் என்ற கேனனின் சொந்த பிரிண்டர் மொழியில் பேசும். பொதுவான லேசர் டிரைவர் எதுவும் அதற்கு ஒத்துவராது. கேனன் தந்த லினக்ஸ் டிரைவர் பழையது, புதிய பதிப்புகளில் மல்லுக்கட்ட வேண்டும். ஒரு மெஷினில் மட்டும் விண்டோஸை விட்டு, பிரிண்டரை அதிலேயே வையுங்கள். மற்ற இரண்டிலும் செய்த வேலையைப் பிடிஎஃபாக்கி ஒரு பொது ஃபோல்டரில் போட்டால் அங்கிருந்து அடிக்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, ஆகவே அந்த மெஷினுக்கு இணையம் வேண்டாம்.

மற்ற இரண்டிற்கும் லினக்ஸ் மின்ட், அதில் குறைந்த ராமிலும் ஓடும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து மின்ட்டை எழுதி, நிறுவாமல் அதிலிருந்தே பூட் செய்து பாருங்கள். வைஃபை, ஸ்கேனர், தமிழ்99 அல்லது டைப்ரைட்டர் தட்டச்சு எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே நிறுவுங்கள். விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதானால் அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் முழுதாக மூடாது, லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாமல் போகும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ராமைக் கூட்டுவதற்கு முன் ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள்.

அச்சுமை:
நன்றி. லிப்ரே ஆபீஸ் போட்டாயிற்று. ஸ்டைலில் சைஸ் 14 கொடுத்தால் ஆங்கிலம் மாறுகிறது, தமிழ் மட்டும் அப்படியே நிற்கிறது. ஏன்?

கொம்புக்கால்:
யூனிகோடு தமிழ் அதில் சிடிஎல் (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) என்ற தனிக் கணக்கில் வரும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழி அமைப்புகளுக்குள் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் ஸ்டைலின் எழுத்துருப் பக்கத்தில் தமிழுக்கென்று தனி எழுத்துரு, தனி சைஸ் தெரியும். இரண்டிலும் 14 கொடுங்கள். பாமினி அதன் பார்வையில் ஆங்கிலம், அதனால் பழைய கோப்புகளுக்கு மேலே உள்ள சைஸ்தான் செல்லும்.